அவள் எழுதும் ஏழு

காலை எட்டேகாலுக்குச் சென்னையிலிருந்து போன் வரும்.
ஈரத்துணியால் பலகையைத் துடைத்து
சாக்கட்டியில் எழுதுவேன்:
நூறு டாக்காவுக்கு இவ்வளவு ரூபாய்.
அடியில் நேற்றையது மங்கலாகத் தெரியும்.
தெரியட்டும். அதை யாரும் கேட்பதில்லை.

பாபு ராவ் தெருவில்
மருந்துக்கடைக்கும் வங்காளி மீன்சாப்பாட்டுக் கடைக்கும் இடுக்கில்
மூன்றடி அகலம் என் கடை.
காட்பாடியில் ரயில் நின்ற அரைமணியில்
எக்ஸ்ரே உறையோடு வந்து நிற்பார்கள்.
தனகோட்டி என்பது வாயில் நுழையாமல்
தன்கோடி தாதா என்பார்கள்.
தாதா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன்.
நம்மூர் அர்த்தத்தை நான் சொன்னதில்லை.

பேரேடுகள் மேசைக்கடியில்.
இரண்டாயிரத்துப் பன்னிரண்டு தையில் அறுபது.
அடுத்த வருஷம் ஆவணியில் எண்பத்தொன்று.
டாக்கா ஏறவில்லை, சரிந்தது நம்முடையது;
பலகைக்கு இரண்டும் ஒரே சாக்கட்டி.
அப்புறம் எண்பதை ஒட்டியே பல வருஷம்.
ரயில் ஓடாத அந்தச் சித்திரையில், வைகாசியில்
மாற்ற ஒரு ஆளில்லை.
விலை மட்டும் போனில் வந்துகொண்டிருந்தது,
காலி வகுப்பில் வருகைப்பதிவு மாதிரி.
எழுதி வைத்தேன்.
அதன் பிறகு இறக்கம்தான்.
எழுபத்தெட்டு. எழுபத்துநாலு.
இன்றைக்கு எழுபது.

மொர்ஜினா பேகம் சாத்கிராவிலிருந்து வருகிறவள்.
நெஞ்சுக்குள் இரும்பு வால்வு.
மின்விசிறி நின்றுபோன ராத்திரிகளில்
லாட்ஜ் அறையில் அது டிக்டிக்கென்று கேட்கும் என்பாள்.
முதல் தடவை வந்தபோது
ஐ.என்.ஆர். எவ்வளவு, சரியா பாருங்க என்றாள்.
நான் பலகையைக் காட்டினேன்.
அவள் நீட்டியது ரத்தப் பரிசோதனைச் சீட்டு.

எனக்கு ஐ.என்.ஆர். என்றால் இந்திய ரூபாய்.
அவளுக்கு, ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறையும் என்ற கணக்கு.
இரண்டரைக்குக் கீழே போனால் வால்வில் கட்டி.
மூன்றரைக்கு மேலே போனால் பல்துலக்கினாலே ரத்தம்.
அந்த ஒரு எண்ணுக்குள் அவளை நிறுத்திவைக்க
ஒரு சின்ன மாத்திரை, தினம் ராத்திரி.
ரூபாய்க்கு அப்படி மாத்திரை உண்டா என்று கேட்டாள்.
எங்கேயோ யாரோ போடுகிறார்கள், நமக்குத் தெரியாது என்றேன்.

இன்று நான் எண்ணிக்கொண்டிருக்கையில்
அவள் ஒரு நோட்டைத் திறந்தாள்.
இடப்பக்கம் ரத்தம், வலப்பக்கம் ரூபாய்.
போன வருஷ வரியில் தொண்ணூற்றெட்டு!
நெஞ்சு அடைத்தது.
யார் கொடுத்தான் அந்த விலை? எதிர்க்கடை இம்தியாஸா?
அவள் சிரித்தாள்.
வங்காள ஏழு நம் கண்ணுக்கு ஒன்பது.
வங்காள நாலு நம் கண்ணுக்கு எட்டு.
எழுபத்துநாலு, தாதா. நீங்கள் கொடுத்ததுதான்.

தேதி தேதியாக ஒத்துப்பார்த்தேன்.
ஒன்றுகூடத் தவறவில்லை.
என் பேரேட்டில் மட்டும் இன்னொரு பத்தி உண்டு,
அதே சாயங்காலம் நான் சென்னைக்குத் தள்ளிய விலை.
ஒரு ரூபாய் வித்தியாசம், ஒன்றரை,
ஆபரேஷனுக்கு அவள் முன்பணம் கட்டிய நாளில் நாலு.
அவசரக்காரர்கள் பேரம் பேசுவதில்லை.
சத்துவாச்சாரியில் என் மாடிவீடு
அந்த இரண்டு பத்திகளுக்கு நடுவில் நிற்கிறது.
மாடிக்குத் தண்ணீர் ஏறாது, அது வேறு தொல்லை.

இருபதாயிரம் டாக்கா, எழுபது வீதம் பதினாலாயிரம்.
பதினாலாயிரத்து இருநூறு வைத்து நீட்டினேன்,
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
எச்சில் தொட்டு எண்ணினாள்.
மறுபடியும் எண்ணினாள்.
இரண்டு நூறை மேசையில் தள்ளி
தப்பா எண்ணிட்டீங்க, வெயில் அப்படி, என்றாள்.

வாங்கி டிராயரில் போட்டேன்.

பேனாவை என்னிடமே வாங்கி
வலப்பக்கப் பத்தியில் இன்றைய விலையை எழுதினாள்.
எழுபதுதான்.
என் கண்ணுக்குத் தொண்ணூறு.